தண்ணிக்கு ஒதுங்கிப் போன லைன்

திருப்பூருக்காகப் போட்ட லைன் இல்லை இது. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குத் தண்டவாளம் போட்டுவிட வேண்டும் என்பதுதான் மதராஸ் ரயில்வே கம்பெனியின் எண்ணம். அதற்குக் காவிரியைத் தாண்ட வேண்டும், பாலக்காட்டுக் கணவாயைப் பிடிக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்த கொங்கு மேட்டு நிலத்தில், பல்லடம் தாலுகாவைச் சேர்ந்த சின்ன ஊர் ஒன்று நொய்யல் கரையில் இருந்தது. லைன் அதற்கு வடக்கே போனது. 1862-இல் வண்டி ஓட ஆரம்பித்தபோது இந்தப் பக்கத்தில் பெரிய ஊர் எது என்று கேட்டிருந்தால் அவிநாசி, பல்லடம், காங்கயம், தாராபுரம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அந்த நாலு ஊருக்கும் இன்றைக்கு வரை ரயில் இல்லை. திருப்பூருக்குக் கிடைத்தது. ஏன் என்று கேட்டால் நான் ஒரே வார்த்தையில் பதில் சொல்வேன்: தண்ணி.

நான் ராயபுரத்துக்காரன். ரயில் பேச்சு எடுத்தால் உடனே ஒரு விளக்கமும் கொடுக்க வேண்டியிருக்கிறது. சென்னை ராயபுரம் இல்லை, திருப்பூர் ராயபுரம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி கிளம்பியது அந்த ராயபுரத்திலிருந்து; வாலாஜா ரோடு வரை போனது. அங்கே இருக்கும் பழைய ஸ்டேஷன் கட்டடத்தைப் படம் எடுக்க ஆட்கள் வருகிறார்கள். எங்கள் ராயபுரத்தில் அப்படிப் பார்ப்பதற்கு ஒன்றும் கிடையாது. பனியன் கம்பெனி, பவர் டேபிள் சத்தம், துணி ரோல் ஏற்றிப் போகும் டெம்போ, டீக்கடை, கோயில். ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்துவிடலாம். ராத்திரி மிஷின் சத்தம் அடங்கிய பிறகு வண்டிச் சத்தம் கேட்கும்.

என் வயசுப் பையன்கள் பனியன் வேலைக்குப் போனபோது நான் லைன் வேலைக்குப் போனேன். கேங்மேனாகச் சேர்ந்து, கீமேனாக இருந்து, கேங்குக்குத் தலைவரான ‘மேட்’ ஆக ஓய்வு பெற்றவன். இப்போது இந்த வேலைக்கு ‘டிராக் மெயின்டெய்னர்’ என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். பெயர்தான் மாறியது, ஜல்லியின் எடை மாறவில்லை. கீமேன் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: ஒரு கேங்குக்கு ஒதுக்கிய தூரத்தைத் தினமும் காலையில் நடந்து பார்ப்பவர். தோளில் சுத்தியல், ஸ்பேனர், பையில் சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, டிரைவரை எச்சரிக்கும் வெடியான டெட்டனேட்டர். கழன்ற கிளிப்பைத் தட்டி ஏற்றுவது, போல்ட்டை முறுக்குவது, தண்டவாளத்தில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு லைனில் போய் இன்னொரு லைனில் திரும்ப வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஆள் தண்டவாளத்தை மட்டும் பார்ப்பான். நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மேஸ்திரி சென்னிமலைப் பக்கத்து ஆள். மழைக்காலம் தொடங்கும் முன்பு ஒரு நாள் ஓடைப் பாலத்தின் மேல் என்னை நிறுத்தி வைத்துக் கேட்டார்.

“தம்பி, இந்த ஓடை எங்கிருந்து வருது?”

“தெரியலைங்க மேஸ்திரி.”

“அது தெரியாம இந்தப் பாலத்தை நீ எப்படிப் பாத்துக்குவே? லைனை எல்லாருந்தான் பாக்கறாங்க. நீ தண்ணியைப் பாரு. இந்த லைன் போட்டவனே தண்ணிக்கு ஒதுங்கித்தான் போட்டிருக்கறான்.”

அவர் பள்ளிக்கூடம் அதிகம் போனவர் இல்லை. இந்தப் பகுதியின் பூகோளத்தை அவர் அளவுக்குத் தெளிவாகச் சொன்ன ஆளை நான் பிறகு பார்க்கவில்லை. ஊர் வரலாறு என்று நான் இன்று எழுதி வைத்திருக்கும் நோட்டுகள் எல்லாம் அவர் சொன்ன அந்த ஒரு வரியைச் சோதித்துப் பார்த்ததில் சேர்ந்தவை.

முதலில் உயரம். ஸ்டேஷன் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். ஈரோடு 170 மீட்டர் சொச்சம். திருப்பூர் 300-ஐ நெருங்குகிறது. கோயம்புத்தூர் 400-ஐத் தாண்டுகிறது. அந்தப் பக்கம் பாலக்காடு 100-க்கும் கீழே. ஆக ஈரோட்டில் காவிரியைத் தாண்டி வந்த வண்டி கோவைப் பக்கம் வரை ஏறிக்கொண்டே இருக்கிறது. பிறகு கணவாய்க்குள் இறங்குகிறது. ஈரோட்டிலிருந்து திருப்பூர் சுமார் 50 கிலோமீட்டர், திருப்பூரிலிருந்து கோவை இன்னொரு 50. இந்த 100 கிலோமீட்டரில் ஏறும் உயரம் 240 மீட்டர் அளவுதான். சராசரி போட்டால் 400 மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் ஏற்றம். உட்கார்ந்து வருபவருக்குத் தெரியவே தெரியாது. கூட்ஸ் வண்டி டிரைவருக்கும் சைக்கிள் மிதிப்பவருக்கும் தெரியும். லைன் ஓரத்தில் இரண்டு கை விரித்த மாதிரி ஒரு கம்பம் நிற்கிறதே, அது கிரேடியன்ட் போஸ்ட். கை மேலே சாய்ந்தால் ஏற்றம், கீழே சாய்ந்தால் இறக்கம், கையில் எழுதிய எண் எவ்வளவு தூரத்துக்கு ஒன்று என்பது. ‘எல்’ என்று எழுதியிருந்தால் சமதளம். ஸ்டேஷன் எல்லாம் பெரும்பாலும் அந்தச் சமதளத்தில்தான் வைத்திருப்பார்கள், அல்லது அதற்கு மிகப் பக்கத்தில். நின்ற வண்டி தானாக உருளக் கூடாது, நின்ற இன்ஜின் மறுபடி இழுக்கத் திணறக் கூடாது.

அடுத்தது ஆறு. நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களைக் கடந்து காவிரியில் சேர்கிறது. லைன் ஈரோட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து இருகூர் வரை இந்த ஆற்றுக்கு வடக்கேயே வருகிறது. ஒரு இடத்தில்கூட நொய்யலைத் தாண்டுவதில்லை. பெருந்துறை ஸ்டேஷன், விஜயமங்கலம், ஊத்துக்குளி, திருப்பூர், வஞ்சிபாளையம், சோமனூர், சூலூர் ரோடு, இருகூர், எல்லாமே வடகரைதான். இருகூரில் இருந்து போத்தனூர் போகும்போதுதான் முதன்முதலாக நொய்யலுக்குப் பாலம். வடக்கே பவானி ஆறு, தெற்கே நொய்யல்; நடுவில் இருக்கும் மேட்டிலேயே காலை வைத்து நடந்திருக்கிறது லைன், மழை நாளில் சேற்றில் இறங்காமல் வரப்பு மேலேயே போகிற ஆள் மாதிரி. ஆற்றுக்கு ரொம்பவும் பக்கத்தில் வந்தால் வெள்ளம். அதோடு அணைக்கட்டு, வாய்க்கால், குளம் என்று நொய்யல் கரை முழுக்கப் பாசன நிலம். நஞ்சை நிலத்தை எடுத்தால் செலவு அதிகம், மண்ணும் பொதுமும். ரொம்பத் தள்ளிப் போனால் மேடு பள்ளம் கூடும், வெட்டுக்கும் கரைக்கும் செலவு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இழுத்தால் அது திருப்பூரைத் தொட்டுக்கொண்டுதான் போகும். பல்லடம் ஆற்றுக்குத் தெற்கே. காங்கயமும் தாராபுரமும் அதற்கும் தெற்கே. அவிநாசி வடக்கே தள்ளி. யாரும் திருப்பூரைத் தேர்ந்தெடுக்கவில்லை. மிச்ச ஊர்கள் எல்லாம் கழிந்து போய் இந்த ஊர் நின்றது. இது என் கணக்கு. நோட்டில் நான் போட்டுப் பார்த்தவரை இந்தக் கணக்கு இடிக்கவில்லை.

நொய்யலைத் தாண்டவில்லையே தவிர, நொய்யலுக்கு வடக்கிலிருந்து வந்து சேரும் ஓடைகளை எல்லாம் தாண்டியாக வேண்டும். குருடிமலைப் பக்கமிருந்து வரும் கௌசிகா வஞ்சிபாளையம் பக்கம் நொய்யலில் சேர்கிறது. அவிநாசி, திருமுருகன்பூண்டிப் பக்கமிருந்து வரும் நல்லாறு திருப்பூரில் சேர்கிறது. இவற்றுக்கு நடுவில் பெயர் தெரியாத பள்ளங்கள் நிறைய. ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும் பூமி இது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஓடையில் மணலும் சீமைக் கருவேலமும்தான். ஆனால் ஐப்பசியில் ஒரே ராத்திரியில் வரும். அதனால்தான் மழைக்கால ரோந்து என்று தனியாகவே ஆள் போடுவார்கள், விளக்கும் கொடியும் கொடுத்து.

இந்தச் சின்னப் பாலங்கள்தான் எனக்குப் பிடித்தமானவை. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சுண்ணாம்பு அடித்து, கறுப்பு எழுத்தில் பால எண், அதற்குக் கீழே கண்களின் எண்ணிக்கையும் அகலமும், பக்கத்தில் ஒரு அம்புக்குறி. அம்புக்குறி தண்ணீர் ஓடும் திசை. நம் பகுதியில் ஏறக்குறைய எல்லா அம்பும் தெற்கே பார்க்கும், நொய்யலை நோக்கி. கீழே தூணில் வெள்ளம் இதுவரை ஏறிய உச்ச மட்டத்துக்கு ஒரு கோடு போட்டிருப்பார்கள். அகலத்தைப் பாருங்கள்: 3.05 மீட்டர், 6.10 மீட்டர், 12.20 மீட்டர். இதென்ன விநோதமான அளவு, மூணு மீட்டர், ஆறு மீட்டர் என்று முழு எண்ணாக வைக்கக் கூடாதா என்று தோன்றும். வைத்தவர்கள் முழு எண்ணாகத்தான் வைத்தார்கள். 10 அடி, 20 அடி, 40 அடி. மீட்டர் கணக்கு வந்தபோது பாலத்தை இடித்துக் கட்டவா முடியும்? எண்ணை மாற்றி எழுதிவிட்டார்கள். தண்டவாளத்தின் இடைவெளியும் அப்படித்தான்: 1,676 மில்லிமீட்டர் என்பது ஐந்தரை அடி. சுண்ணாம்புப் பூச்சில் 6.10 என்று பார்த்தால் அந்தப் பாலத்தின் வேர் அடிக்கணக்குக் காலத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மேலே உடம்பு மாறியிருக்கலாம், அஸ்திவாரம் பழசு.

இன்னொரு அடையாளம் உண்டு. முதலில் இருந்தது ஒற்றை லைன். பின்னால்தான் இரட்டைப் பாதை ஆனது. ஓடைக்குள் இறங்கி நின்று (காய்ந்த ஓடை, பொது வழி உள்ள இடம் என்றால் மட்டும்) மேலே பார்த்தால், சில இடங்களில் ஒரு லைனுக்குக் கருங்கல் வளைவு, இன்னொரு லைனுக்குக் கான்கிரீட் பலகை என்று இருக்கும். கருங்கல் பக்கம்தான் மூத்தது. சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய கல். விளிம்பில் உளி கொத்திய தடம் இன்னும் வரி வரியாகத் தெரியும். வளைவின் நடுக்கல்லை மட்டும் மற்றக் கல்லைவிட நுணுக்கமாகக் கொத்தியிருப்பார்கள். வெளியே தெரியாத, பன்றியும் ஆடும் மட்டும் ஒதுங்கும் இடத்தில் ஏன் இந்த நேர்த்தி என்று நான் யோசித்ததுண்டு. அந்தக் கல்தச்சர்களின் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை. தலைமைப் பொறியாளராக முதலில் இருந்த ஜார்ஜ் பார்க்ளே புரூஸ் பெயர் இருக்கிறது.

லைன் கரையை ஒட்டி இரண்டு பக்கமும் பள்ளமாகக் கிடக்கும் இடங்களையும் கவனிக்க வேண்டும். லைனை உயர்த்த மண் அங்கிருந்துதான் எடுத்தார்கள். ஒரு காலத்தில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும் குட்டைகள் அவை, எருமை படுக்கும். இன்றைக்கு நகருக்குள் அவற்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம். மூடி வீடாகியிருக்கும், அல்லது சாக்கடையாகியிருக்கும். ரயில்வே கீழ்ப்பாலங்களில் மழை நாளில் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது என்று எல்லோரும் சலித்துக்கொள்கிறோம். நிற்காமல் என்ன செய்யும்? ஏற்கெனவே பள்ளமான இடத்தில் இன்னும் ஆழமாகத் தோண்டி, தண்ணீர் போன பழைய வழியையும் அடைத்துவிட்டு, மோட்டார் வைத்து இறைக்கிறோம். தோண்டுவதற்கு முன்னால் பக்கத்துப் பாலத்தின் அம்புக்குறியை ஒரு தடவை பார்த்திருந்தால் பாதித் தொல்லை குறைந்திருக்கும்.

பழைய சங்கதிக்கு வருகிறேன். மதராஸ் ரயில்வே லண்டனில் பதிவான கம்பெனி. போட்ட முதலுக்கு 5 சதவீத வட்டிக்கு அரசாங்கமே பொறுப்பு என்ற ஏற்பாட்டில் வேலை செய்தது. நஷ்டம் வந்தால் நம் வரிப்பணம். கிழக்கே சென்னையிலிருந்து ஒரு பக்கம் வேலை. மேற்கே பேப்பூரிலிருந்து இன்னொரு பக்கம். பேப்பூர்–திரூர் பகுதி 1861 மார்ச் 12-ஆம் தேதி திறந்தது. அங்கிருந்து கணவாய் வழியாகக் கிழக்கே ஏறி வந்த வேலையும், சேலம், சங்ககிரி வழியாக மேற்கே வந்த வேலையும் 1862-இல் போத்தனூர்ப் பக்கம் ஒன்றாகச் சேர்ந்தன. கோயம்புத்தூர் டவுனை இந்த லைன் தொடவே இல்லை. ஜில்லா தலைநகர், கலெக்டர் இருக்கும் ஊர். அதற்கே போத்தனூர் போய்த்தான் வண்டி ஏற வேண்டும். 1873-இல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளை போட்டபோதுதான் கோவைக்கு ஸ்டேஷன் வந்தது. ஆகப் பதினோரு வருஷம் திருப்பூர் கோவைக்கு மூத்தது, ரயில் விஷயத்தில். இதைக் கோவை நண்பர்களிடம் சொல்லும்போது எனக்கு ஒரு சந்தோஷம்.

ரயிலுக்கு வெகு காலம் முன்பு ரோமாபுரி வணிகர்களும் இந்தப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் வந்தார்கள். மேற்குக் கடற்கரை முசிறியில் இறங்கிய சரக்கு நொய்யல் கரையோரமாகக் கரூர் போனது. போத்தனூருக்குப் பக்கத்து வெள்ளலூரில் 1842-இல் ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. சென்னிமலைக்கு அருகே நொய்யலின் வடகரையில் இருக்கும் கொடுமணலில் மணி கோத்த, இரும்பு உருக்கிய தடயங்கள் தோண்டத் தோண்ட வருகின்றன. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருவது அதுதான் என்பார்கள். வண்டிப் பாதைக்கும் ரயில் பாதைக்கும் உள்ள வித்தியாசம், மாட்டுக்குத் தினமும் தண்ணி காட்ட வேண்டும், அதனால் வண்டி ஆற்றை ஒட்டியே போனது. ரயிலுக்கு ஆறு வேண்டாம். ஸ்டேஷனில் கிணறு வெட்டித் தொட்டி கட்டி இன்ஜினுக்குத் தண்ணி கொடுத்துவிடலாம். கொடுமணல் பாதையில் இருந்த ஊர்களை விட்டு வியாபாரம் மேட்டுக்கு ஏறியது இப்படித்தான்.

லைன் திறந்த நேரமும் ஒரு விசேஷம். 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். லங்காஷயர் மில்களுக்கு அமெரிக்கப் பஞ்சு நின்றுபோனது. கொங்குப் பருத்திக்கு வெளியூரில் விலை ஏறிய அதே சமயத்தில் துறைமுகத்துக்கு ரயில் கிடைத்தது. போர் 1865-இல் முடிந்து விலை இறங்கிய பிறகும் பருத்தி மூட்டை ஸ்டேஷனுக்கு வருவது நிற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி கிணற்றுப் பாசனத்தில் பரவியது. தாராபுரம், பல்லடம், உடுமலைப் பக்கத்து வண்டிகள் எல்லாம் ரயிலைத் தேடித் திருப்பூருக்கு வந்தன. ஸ்டேஷனைச் சுற்றி ஜின்னிங் பேக்டரி, பஞ்சை அழுத்திப் பேல் கட்டும் பிரஸ், கிடங்கு. மதராஸ் மாகாணத்தில் 1933-இல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்து, அதன்படி அமைந்த முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் 1936-இல் திருப்பூரில்தான், பருத்திக்காக. ரயில் இல்லாத பல்லடத்திலோ தாராபுரத்திலோ அதை வைத்திருக்க முடியாது. கதர் வியாபாரம் 1920-களில் இங்கே வேர் பிடித்ததற்கும் பார்சல் ஆபீஸ் ஒரு காரணம். 1932 ஜனவரி 10-ஆம் தேதி விடுதலைப் போராட்ட ஊர்வலத்தில் அடிபட்டு மறுநாள் இறந்த திருப்பூர் குமரனின் நினைவகம் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

பனியன் கதை எல்லோரும் எழுதியது. அதை விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும்: உள்நாட்டு பனியன் வியாபாரம் பெருகிய காலத்தில் கோணிப்பை தைத்து, மையில் முகவரி எழுதிய பண்டல்கள் பார்சல் ஆபீஸ் முன்னால் மலைபோல் கிடக்கும். கல்கத்தா, பம்பாய், டெல்லி. ஆர்.ஆர். என்கிற ரயில்வே ரசீதை பேங்கில் கொடுத்துப் பணம் வாங்கின தலைமுறை இன்னும் இருக்கிறது. 1978-இல் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி வந்து நேரடி ஏற்றுமதி தொடங்கிய பிறகு சரக்கு கன்டெய்னருக்கு மாறியது. கன்டெய்னர் லாரியில் ஏறித் தூத்துக்குடிக்கோ சென்னைக்கோ கொச்சிக்கோ ரோட்டில் போகிறது. ரயிலால் பிறந்த ஊரின் சரக்கு ரயிலில் போவதில்லை. ரயிலில் வருவது ஆள். ஆலப்புழை–தன்பாத் எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும்போது முன்பதிவில்லாப் பெட்டி முன்னால் நின்று பாருங்கள். ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார்ப் பையன்கள் ஒரு பையோடு இறங்குவார்கள். 2020 மே மாதம் சிறப்பு ரயில்களில் அவர்களை வரிசையில் நிறுத்தி ஏற்றி அனுப்பினோம். சில மாதத்தில் அதே லைனில் திரும்பி வந்தார்கள். அவர்கள் இல்லாமல் இந்த ஊரில் இனி ஒரு ஆர்டரும் நேரத்துக்குப் போகாது.

லைன் ஊரை இரண்டாகவும் வெட்டியது. தாலுகாவும் தொகுதியும் வடக்கு, தெற்கு என்று பிரிவதற்கு வெகு காலம் முன்பே நாங்கள் ‘லைனுக்கு அந்தப் பக்கம்’ என்று பேசியவர்கள். ஆறு ஒரு வெட்டு, லைன் ஒரு வெட்டு. நடுவில் அகப்பட்ட பட்டைதான் பழைய கடைவீதி. ஊத்துக்குளி ரோடு லைனை ஒட்டியே ஓடுகிறது. ஒண்ணாம் கேட், ரெண்டாம் கேட் என்பது இன்றும் முகவரி. கேட் போட்டுவிட்டால் சைக்கிள், மொபட், டெம்போ எல்லாம் நிற்க வேண்டியதுதான். ‘கேட்டுங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் கம்பெனியில் லேட்டாக வந்ததற்கு மேனேஜர் மேற்கொண்டு கேட்கமாட்டார். வெளியே கிராமத்தில் இந்தப் பிளவு வேறு மாதிரி. ஊத்துக்குளியில் பாருங்கள்: ஊத்துக்குளி டவுன் ஒன்று, ஊத்துக்குளி ஆர்.எஸ். ஒன்று. ஆர்.எஸ். என்றால் ரயில்வே ஸ்டேஷன். மேட்டில் ஸ்டேஷன் வைத்தார்கள், ஊர் தன் இடத்தில் இருந்தது, நடுவில் இன்னொரு ஊர் முளைத்தது. பேர் பெற்ற ஊத்துக்குளி வெண்ணெய் மட்டும் இரண்டுக்கும் பொது.

இந்த லைனைக் கட்டியவர்கள் இங்கிலாந்தில் பழகிய முறைப்படிதான் கட்டினார்கள்: ஊருக்கு வெளியே ஸ்டேஷன், அங்கிருந்து ஊருக்கு ஒரு ஸ்டேஷன் ரோடு. அந்த நாட்டின் சந்தை ஊர்கள் பலவற்றில் இன்று ஸ்டேஷன் ரோடு இருக்கிறது, ஸ்டேஷன் இல்லை. 1963-இல் அந்நாட்டு ரயில்வேயின் தலைவர் பீச்சிங் கொடுத்த அறிக்கையை வைத்துக் கிளைப் பாதைகளை ஆயிரக்கணக்கான மைல் மூடிவிட்டார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் பழைய ரயில்வேக்காரர்களும் புல் முளைத்த கரைகளில் நடந்து பால எண்களையும் கேட் வீடுகளையும் குறித்து, ஒவ்வொரு சின்ன ஊருக்கும் புத்தகம் போட்டிருக்கிறார்கள். லைன் செத்த பிறகு அதன்மேல் வந்த பாசம் அது. நமக்கு லைன் உயிரோடு இருக்கிறது. உயிரோடு இருப்பதால் ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை. மதராஸ் ரயில்வே போய், 1908-இல் இந்தப் பகுதி தென்னிந்திய ரயில்வே கைக்கு மாறி, 1951-இல் தெற்கு ரயில்வே ஆகி, 2007-இல் சேலம் கோட்டம் வந்து, 2023-இல் வந்தே பாரத் நிற்கத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஏதாவது பலகை கழற்றப்படுகிறது, ஏதாவது கல் வளைவு கான்கிரீட் பெட்டிக்குள் போகிறது. போகட்டும், வண்டி வேகமாகப் போக வேண்டுமானால் அதெல்லாம் செய்துதான் ஆக வேண்டும்; நானே அந்த வேலையைச் செய்தவன். கழற்றுவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து வைக்கலாம் என்பதுதான் என் வாதம்.

நிக்கல்சன் 1887-இல் எழுதிய கோயம்புத்தூர் ஜில்லா மேனுவல் இருக்கிறது, சர்வே துறையின் வரைபடங்கள் இருக்கின்றன. படிக்க வேண்டியவைதான். ஆனால் எந்தக் கேட்டுக்கு ஊர்க்காரர்கள் என்ன பெயர் வைத்தார்கள், எந்த ஓடைக்குப் பெயர் என்ன, எந்தக் குட்டை எந்த வருஷ மழையில் உடைந்தது என்பது அவற்றில் வராது. அது கேங் மேட்கள், கேட் கீப்பர்கள், லைன் ஓரத்துத் தோட்டக்காரர்கள் வாயில் இருக்கிறது. அவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இதில் ஆர்வம் வந்த பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கையும் ஒரு வேண்டுகோளும். தண்டவாளத்தில் நடக்காதீர்கள். சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம்; மின்சார இன்ஜின் வண்டி பின்னால் வருவது கடைசி நொடி வரை காதில் விழாது, நான் பார்த்ததைச் சொல்ல விரும்பவில்லை. கீழ்ப்பாலத்தில் நின்று, மேம்பாலத்தில் நின்று, பிளாட்பாரத்தில் நின்று, ஓடுகிற வண்டியின் ஜன்னலில் உட்கார்ந்து எவ்வளவோ பார்க்கலாம். வேண்டுகோள் என்னவென்றால், உங்கள் வீட்டுப் பரணிலோ கடைப் பெட்டியிலோ பழைய ஆர்.ஆர். ரசீது, ஜின்னிங் பேக்டரிக் கணக்குப் புத்தகம், கேட் பக்கத்தில் நின்று எடுத்த குடும்பப் படம், லைன் வேலை பார்த்த அப்பாருடைய சர்வீஸ் புத்தகம் ஏதாவது இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தேதியும் இடமும் பின்னால் எழுதி வையுங்கள். வீட்டில் பெரியவர் இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள்: நம்ம ஊர் ஓடைக்குப் பேரென்னங்க, அது எந்தப் பாலத்துக்கு அடியில போகுதுங்க என்று.